லாரி விபத்தும் நஷ்ட ஈட்டு உரிமையும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நூல் பேல் வருவதும் லாரியில். நெய்த துணி செல்வதும் லாரியில். வாழைத்தாரும், மஞ்சள் மூட்டையும், தக்காளிக் கூடையும் அவ்வாறே. நம் சங்கங்களின் தொழில் தறியிலும் வயலிலும் தொடங்குகிறதெனினும், அது சந்தையைச் சென்று சேர்வது சாலை வழியாகவே. அச்சாலையில் சைக்கிளில் செல்வோரும், நடந்து செல்வோரும், சரக்கோடு கூடவே லாரியில் ஏறிச் செல்வோரும் நம் அங்கத்தினர்களே. ஆகவே லாரி விபத்து நமக்குத் தொலைவில் உள்ள செய்தி அன்று.

விபத்து நேர்ந்த மறுநாள் பல இடங்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குடும்பத்தார் செய்வதறியாது நிற்கின்றனர். அந்நேரத்தில் ஒருவர் வந்து ஆறுதல் கூறுகிறார். மருந்துச் செலவுக்கென்று சிறு தொகையைக் கையில் கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார். கண்ணீரோடு இட்ட அக்கையெழுத்து, பின்னர் வழக்கு நடக்கும்போது நமக்கு எதிராகவே எடுத்துக் காட்டப்படுகிறது.

இப்பாடத்தில் நாம் கூற வருவது ஒன்றே. சட்டம் நமக்கு உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அவ்வுரிமையை மெய்ப்பிக்கும் காகிதங்கள் நம் கையில் இருத்தல் வேண்டும். அவற்றைக் காலத்தில் சேர்த்து வைப்பதற்குச் சங்கம் துணை நிற்றல் வேண்டும்.

உரிமை எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் பழைய மோட்டார் வாகனச் சட்டம் 1939-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விபத்தில் அடிபட்டவர்கள் சாதாரண சிவில் வழக்கில் நெடுங்காலம் அலைவதைத் தவிர்க்கும் பொருட்டு, 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் என்னும் தனி அமைப்புக்கு வழி செய்யப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அது 2019-இல் பெரிதும் திருத்தப்பட்டது. நஷ்ட ஈடு பற்றிய திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. பழைய வழக்கைக் கண்டவர்கள் கூறும் யோசனை இன்றைய சட்டத்துக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதை இதனால் உணர்தல் வேண்டும்.

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனமும் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்காகக் கட்டாயம் இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். இங்கு மூன்றாம் நபர் என்பவர், வாகனச் சொந்தக்காரரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அல்லாத வெளியார். சாலையில் நடந்து சென்றவரும், சைக்கிளிலோ வேறு வண்டியிலோ சென்றவரும் இவ்வகையினர். டிரைவர் தன் வேலையின்போது செய்த தவறுக்கு லாரிச் சொந்தக்காரர் பொறுப்பாளி. அவருக்காகப் பணம் செலுத்தும் கடமை இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது. ஆகவே டிரைவர் ஏழையாயிற்றே, அவரிடம் என்ன கிடைக்கும் என்று எண்ணி நம் மக்கள் வழக்கைக் கைவிடுதல் தகாது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

முதலில் உயிர், பிறகே வழக்கு. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று காத்திராமல் டாக்டர் உடனே சிகிச்சை தருதல் வேண்டும் என்பது சட்டத்தின் 134-ஆம் பிரிவு. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரை, நல்லெண்ணத்துடன் செய்த அவ்வுதவிக்காக வழக்கில் மாட்டி வைக்க இயலாது என்பது 134ஏ பிரிவு. சாலையில் விழுந்து கிடப்பவரைக் கண்டு, வம்பு நமக்கெதற்கு என்று ஒதுங்கிப் போவோர் இதை அறிதல் நலம்.

சிகிச்சைச் செலவைப் பற்றியும் சிறிது கூறுவோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ரூ.1,50,000-க்கு மேற்படாத சிகிச்சைக்கு வகை செய்கிறது.

அடுத்தது போலீஸில் புகார். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரப்படுதல் வேண்டும். அதில் லாரியின் பதிவெண், இடம், நேரம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று அன்றே படித்துப் பார்த்துவிடுக. எழுத்தறியாதவர் ஆயின் சங்கக் காரியதரிசியைக் கொண்டு படிக்கச் செய்க. லாரியை அப்புறப்படுத்துவதற்கு முன் செல்போனில் நான்கு படங்கள் எடுத்து வைப்பது, பின்னாளில் நாற்பது பேர் சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

போலீஸ் அதிகாரி விபத்துத் தகவல் அறிக்கை ஒன்றைத் தயாரித்து, மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்புதல் வேண்டும் என்பது 159-ஆம் பிரிவு. லாரியின் பதிவு, இன்ஷூரன்ஸ் விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு 160-ஆம் பிரிவின்படி உண்டு.

வழிகள் மூன்று

நஷ்ட ஈடு பெறும் வழிகள் மூன்று. எவருக்கு எது பொருந்தும் என்பதை அறியாமல் ஒன்றில் இறங்கிவிடுதல் கூடாது.

முதல் வழி, 164-ஆம் பிரிவு. இதில் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டுவதில்லை. மரணத்துக்கு ரூ.5,00,000; கொடுங்காயத்துக்கு ரூ.2,50,000. தொகை நிலையானது. அடிபட்டவர் சம்பாதித்தது எவ்வளவாயினும் இதுவே.

இரண்டாம் வழி, 166-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்தல். இதில் டிரைவரின் கவனக்குறைவைக் காட்டுதல் வேண்டும். குற்ற வழக்கில் தேவைப்படும் அளவுக்கு ஐயமற்ற சாட்சியம் இங்குத் தேவையில்லை. எது நடந்திருக்கக் கூடும் என்பதை நடுநிலையில் எடைபோட்டுத் தீர்ப்பளிப்பர். உண்மையான நஷ்டம் முழுவதையும் கோருவதற்கு உரிய வழி இதுவே.

மூன்றாம் வழி, இடித்துவிட்டு நில்லாமல் ஓடிய லாரியை அடையாளம் காண இயலாதபோது. 161-ஆம் பிரிவின்படி மரணத்துக்கு ரூ.2,00,000, கொடுங்காயத்துக்கு ரூ.50,000 கிடைக்கும். இதற்குரிய மனுவைத் தீர்ப்பாயத்துக்கன்றி, வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் கொடுத்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. விபத்துத் தகவல் கிடைத்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தானே முன்வந்து ஒரு தொகையைக் கூறலாம். அதை ஏற்கவும் மறுக்கவும் நமக்கு உரிமை உண்டு. 164-ஆம் பிரிவின் தொகையை அம்முறைப்படி ஏற்றுக்கொண்டால், 166-ஆம் பிரிவின்படி செய்த மனு அத்துடன் காலாவதியாகிவிடும். ஆகவே கால் ஊனமான இளைஞர் ஒருவர் ரூ.2,50,000 உடனே வருகிறதே என்று மகிழ்ந்து ஒப்புக்கொண்டால், தம் வாழ்நாள் நஷ்டத்தையே விற்றவராவார்.

சரக்கோடு ஏறிச் செல்வோர் கவனிக்க

நம் அங்கத்தினர்களுக்கு மிக இன்றியமையாத பகுதி இதுவே.

சரக்கு லாரி மனிதரை ஏற்றிச் செல்வதற்கு உரியதன்று. போகிற வழிதானே என்று ஏறிக்கொள்பவருக்கும், கலியாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ சரக்கு வண்டியில் கூட்டமாகச் செல்பவருக்கும் லாரியின் கட்டாய இன்ஷூரன்ஸ் காப்பளிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் இருவரைச் சட்டத்தின் காப்புக்குள் கொண்டுவந்தது. ஒருவர், அந்த லாரியில் உள்ள சரக்கின் சொந்தக்காரர். மற்றவர், அச்சொந்தக்காரரால் அதிகாரம் பெற்ற பிரதிநிதி.

ஆகவே நூல் பேலுடன் செல்லும் சங்க ஊழியரும், தம் தக்காளியுடன் மண்டிக்குச் செல்லும் விவசாயியும் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உடையவரே. ஆனால் சரக்கு அவருடையது என்பதற்கு ருசு எங்கே? வாடகைச் சீட்டில் பெயர் இல்லை. சங்கத்தின் கடிதம் இல்லை. மூட்டைக் கணக்கும் இல்லை. கம்பெனியின் வக்கீல், இவர் ஓசிப் பிரயாணி என்று ஒரே வரியில் கூறிவிட்டால், விதவையான மனைவி எதைக் கொண்டு மறுப்பாள்?

அமரும் இடமும் முக்கியம். சரக்கின் சொந்தக்காரர் என்பவர் டிரைவருடன் முன்னறையில் இருந்து செல்பவராதல் வேண்டும் என்று பின்வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது. மூட்டைகளின் மேல் ஏறி அமர்பவர் உயிரை மட்டுமன்றி உரிமையையும் ஆபத்தில் வைக்கிறார். எனினும் அப்படிச் சென்று அடிபட்டவர் முற்றும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. கம்பெனி விடுபட்டாலும், லாரிச் சொந்தக்காரர் மேல் கோரும் உரிமை அழிவதில்லை.

கெடுவும் இடமும்

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும் என்பது 166-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட விதி. காயம் ஆறட்டும், காரியங்கள் முடியட்டும், அறுவடை கழியட்டும் என்று தள்ளிப் போட்டு இக்கெடுவைத் தவறவிடுதல் கூடாது. கெடு கடந்தவரும் தாமாகவே முடிவு கட்டிவிடாமல், உடனே சட்ட உதவி மையத்தை அணுகுதல் வேண்டும். வட்டியும் மனுச் செய்த நாளுக்கு முன்பிருந்து கணக்கிடப்படுவதில்லை. ஆகவே தாமதம் இருவகையிலும் நஷ்டம்.

விபத்து எந்த மாவட்டத்தில் நடந்ததாயினும், மனுவை அங்குச் சென்றுதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். சூரத்துக்கருகே அடிபட்ட ஈரோட்டு நெசவாளர் ஈரோட்டிலேயே வழக்கை நடத்தலாம்.

கணக்கு எப்படி?

அடிபட்டவர் கோரக்கூடியவை: மருத்துவச் செலவு, போக்குவரத்துச் செலவு, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுக்கையில் இருந்த காலத்தில் இழந்த வருமானம், இனி இழக்கப் போகும் வருமானம், இனி ஆகும் மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஈடு, வாழ்வின் வசதிகளை இழந்ததற்கு ஈடு. இவற்றுள் பெரியது, இனி இழக்கப் போகும் வருமானமே.

அதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 38 வயதுள்ள குழித்தறி நெசவாளர் ஒருவரின் மாத வருமானம் ரூ.12,000 என்று கொள்வோம். நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளிக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தல் வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற அமர்வின் தீர்ப்பு. ஆக, மாதம் ரூ.16,800, ஆண்டுக்கு ரூ.2,01,600. 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கும் எண் 15 என்பது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் ரூ.30,24,000. இதில் எத்தனை சதவீதம் அவர் இழந்தார் என்பதே கேள்வி.

டாக்டர் அவருடைய ஊனம் 30 சதவீதம் என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைப்பது ரூ.9,07,200. ஆனால் குழித்தறியில் நெய்பவனுக்குக் கால் என்பது நடப்பதற்கு மட்டுமன்று. மிதிகட்டையை மிதித்தால்தான் பாவு பிரியும். பாவு பிரிந்தால்தான் நாடா ஓடும். நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுவோருக்கு 30 சதவீதமாக உள்ள ஊனம், இவருக்கு அன்றாடப் பிழைப்பில் பாதிக்கு மேல் ஆகும். உடல் ஊனத்தின் அளவு வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட குறைவு வேறு. தொழிலைப் பார்த்தே பின்னதை முடிவு செய்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகக் கூறியது. தீர்ப்பாயம் இவருடைய இழப்பை 60 சதவீதம் என்று ஏற்குமாயின் தொகை ரூ.18,14,400 ஆகிறது. ஒரே கால், ஒரே காயம், வேறுபாடு ரூ.9,07,200. அவ்வேறுபாட்டைப் பெற்றுத் தருவது, குழித்தறி எப்படி இயங்குகிறது என்று தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொல்லும் சாட்சியே. அச்சாட்சியைச் சங்கத்தையன்றி வேறு யார் சொல்லக் கூடும்?

மரண வழக்கிலும் இவ்வாறே கணக்கிட்டு, இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று ஒரு பகுதியைக் கழிப்பர். அவரை நம்பியிருந்தவர் இருவர் அல்லது மூவர் ஆயின் மூன்றில் ஒரு பங்கு. நால்வர் முதல் அறுவர் வரை ஆயின் நான்கில் ஒரு பங்கு.

வருமானத்துக்கு ருசு

சம்பளச் சீட்டு இல்லாதவர் என்ன செய்வது? லாரி, டிராக்டர் முதலிய வாகனங்களால் அடிபடும் சிறு தொழிலாளர் பலர் இத்தகையோரே. கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், இத்தகைய தொழிலாளியிடம் எழுத்து ருசு எதிர்பார்ப்பது நியாயமன்று என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறி, மாத வருமானம் ரூ.6,500 என்றும், சம்பாதிக்கும் திறன் இழப்பு 85 சதவீதம் என்றும் கொண்டது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் பண மதிப்பிட்டு ஈடு தருதல் வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தார் சுற்றும் நம் மகளிருக்கு வீட்டு உழைப்பும் தொழில் உழைப்பும் இரண்டும் உண்டென்பதை எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

ஆயினும் ருசு இருக்குமிடத்தில் ஊகத்துக்கு இடம் கொடுப்பானேன்? சங்கத்தின் கூலிப் புத்தகம், வங்கிக் கணக்கில் கூலி வரவு வைத்த பதிவு ஆகியவை நெசவாளருக்கு அசைக்க முடியாத சான்றுகள். விவசாயிக்குச் சிட்டா, அடங்கல், மண்டி ரசீது, உழவர் சந்தை அட்டை ஆகியவை. நிலம் எங்கும் போகவில்லையே, வருமானம் எப்படிக் குறைந்தது என்று எதிர்த்தரப்பினர் கேட்பர். தாம் செய்துவந்த வேலைக்கு இப்போது ஆள் வைத்துக் கொடுக்கும் கூலியைக் கணக்கெழுதி வைத்திருப்பவரே அதற்கு விடை கூற வல்லவர்.

ஏமாறாதிருக்க

எழுதாத காகிதத்திலும், படித்துப் பாராத வக்காலத்திலும் கையெழுத்திடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தாமே தேடி வரும் தரகரை நம்பாதீர்கள். வென்ற தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது வக்கீல்களுக்கான நடத்தை விதிகளுக்கே புறம்பானது. லோக் அதாலத்தில் சமாதானமாக முடிப்பது நல்லதே. ஆனால் அங்கு முடிந்த தீர்வின் மேல் அப்பீல் இல்லை. ஆகவே கணக்கைப் போட்டுப் பார்த்த பின்பே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

அவ்வாறே நாமும் நேர்மை தவறுதல் கூடாது. மோதாத லாரியை மோதியதாகக் காட்டுவதும், ஓட்டியவரை மாற்றிக் கூறுவதும் குற்றமாகும். ஒருவர் செய்த பொய், உண்மையாக அடிபட்ட நூறு பேரின் மேல் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது.

பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் உள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலும், 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் அணுகலாம்.

சங்கம் செய்யக் கூடியவை

நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே மூன்று தீர்மானங்களைக் கொண்டுவரலாம். முதலாவது, சரக்கோடு செல்லும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர், சரக்கின் அளவு, லாரியின் எண், நாள் ஆகியவை குறித்த அதிகாரச் சீட்டு இரண்டு பிரதிகளில் எழுதி, ஒன்றை அவரிடமும் மற்றொன்றைச் சங்கத்திலும் வைத்தல். இரண்டாவது, வாடகைக்கு எடுக்கும் லாரியின் இன்ஷூரன்ஸும் டிரைவரின் லைசென்ஸும் செல்லத்தக்கவையா என்று பார்த்த பின்பே மூட்டையை ஏற்றுதல். மூன்றாவது, அங்கத்தினர் எவரேனும் அடிபட்டால், காகிதங்களைச் சேர்க்கவும் ஆறு மாதக் கெடுவை நினைவூட்டவும் ஒருவரைப் பொறுப்பாக்குதல்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ரசீதுப் புத்தகத்தின் விலைதான். இழந்த காலை எந்தத் தீர்ப்பாயமும் திருப்பித் தராது. ஆனால் அடிபட்டவரின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடாமலும், தறி விலைபோகாமலும், நிலம் ஈடுபோகாமலும் காக்கும் தொகை, ஒரு சிறு சீட்டு இல்லாத காரணத்தால் தவறிப் போகலாகாது. அதைக் காப்பது சங்கத்தின் கடமையென்றே நாம் கருதுகிறோம்.

கூட்டத்தில் கலந்து பேசுவதற்கான வினாக்கள்

1. நம் சங்கத்துச் சரக்குடன் சென்ற மாதம் லாரியில் சென்றவர் யார்? அவர் கையில் அதிகாரச் சீட்டு இருந்ததா?

2. 164-ஆம் பிரிவின் தொகையை ஏற்பதால் வரும் நன்மை யாது? இழப்பு யாது?

3. 48 வயதுள்ள, வலக்கை விரல்களை இழந்த நெசவாளருக்கு, உடல் ஊனத்தைக் காட்டிலும் தொழில் இழப்பு மிகுதி என்பதை எவ்வாறு எடுத்துச் சொல்வீர்கள்?

4. உங்கள் ஓராண்டு வருமானத்தை மெய்ப்பிக்கும் காகிதங்கள் எவை? அவை இப்போது எங்கே உள்ளன?